எக்ஸ்டென்ஷன் கூரையை மாற்றினால் வீட்டு விலை ஏறுமா?

லண்டனில் ஹாரோ பக்கம் 1930களில் கட்டிய செமி வீடு, அதாவது ஒரு பக்கச் சுவர் மட்டும் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. முன்பு இருந்தவர்கள் பின்பக்கம் இழுத்துக் கட்டிய சமையலறைக்குத் தட்டைக் கூரை. மேலே போட்ட ஃபெல்ட் (தார் ஊறிய விரிப்பு) அங்கங்கே உப்பியிருக்கிறது, உள்ளே சீலிங்கின் ஒரு மூலையில் பழுப்புக் கறை. இரண்டு வருடத்தில் வீட்டை விற்றுவிட்டுப் பெரிய இடம் பார்க்கும் எண்ணம். கூரையை இப்போதே மாற்றினால் வீட்டின் மதிப்பு கூடுமா, செலவை மிச்சம் பிடித்து அப்படியே விற்றுவிடலாமா, மாற்றுவதென்றால் ஓட்டுக் கூரையாகவே மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொட்டேஷன் கொடுக்க வந்தவர் "வீட்டு விலையே ஏறிடும்" என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒன்றுதான்: இன்று கையை விட்டுப் போகும் பவுண்டு, விற்கிற நாளில் திரும்பி வருமா?

நான் ஊரில் சிவில் படித்துவிட்டு இங்கே வந்து, வீடு வாங்குபவர்களுக்காக வீட்டைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுக்கும் சர்வேயராகப் பல வருடம் வேலை பார்த்தவன். கூரை போடுகிறவனும் அல்ல, எஸ்டேட் ஏஜென்டும் அல்ல. உங்கள் கூரையை ஏணி வைத்து நான் பார்க்கவும் இல்லை. எனவே இந்த மாதிரி வீடுகளில் பொதுவாக என்ன நடக்கும் என்பதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் வீட்டில் அது எத்தனை பவுண்டு என்று மட்டும் கேட்காதீர்கள்.

விலை ஏறாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே சமயம், கசியும் கூரையை அப்படியே விட்டால் விலை இறங்கும், அதுவும் கூரைச் செலவைவிட அதிகமாக இறங்கக்கூடும். கொட்டேஷன்காரர் முதல் பாதியை மறைத்து, இரண்டாம் பாதியைத் திருப்பிப் போட்டுச் சொல்லியிருக்கிறார். இணையத்தில் கூரைக் கம்பெனிகளின் பக்கங்களில் புதுக் கூரையால் இத்தனை சதவீதம் மதிப்பு கூடும் என்று எண் போட்டிருப்பார்கள். அந்த எண்களை நான் நம்புவதில்லை. ஒரே வீட்டை ஒரே நாளில் பழைய கூரையோடும் புதுக் கூரையோடும் இரண்டு தடவை விற்றுப் பார்க்க யாராலும் முடியாது.

ஏன் ஏறாது என்பதற்கு, இங்கே வீட்டுக்கு எப்படி விலை போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மதிப்பீடு செய்பவர் அக்கம்பக்கத் தெருக்களில் சமீபத்தில் விற்ற, உங்கள் வீட்டைப் போன்ற வீடுகளை எடுத்து ஒப்பிடுவார். எத்தனை படுக்கையறை, தரைப்பரப்பு எத்தனை சதுர மீட்டர், காரை நிறுத்த இடம் உண்டா, எந்தப் பள்ளிக்குப் பக்கம், ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம். உங்கள் எக்ஸ்டென்ஷன் சமையலறையைப் பெரிதாக்கியிருக்கிறது, அதனால் வந்த பரப்பு ஏற்கெனவே விலைக்குள் வந்துவிட்டது. மேலே மழை ஒழுகாத கூரை இருக்கிறது என்று நினைத்துத்தான் அந்தப் பரப்புக்கே விலை போட்டிருக்கிறார்கள். ஒழுகாத கூரைக்குத் தனியாக யாரும் பணம் தருவதில்லை. வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் பாங்கின் மதிப்பீடு பல சமயம் வீட்டுக்குள் ஆள் வராமலே கம்ப்யூட்டரில் முடிந்துவிடுகிறது. அதற்கு உங்கள் கூரை புதுசா பழசா என்றே தெரியாது.

இறக்கம் எப்படி வருகிறது என்பது வேறு கதை. விலை பேசி முடித்தபின் வாங்குபவர் தன் செலவில் ஒரு சர்வேயரை அனுப்புவார். ஆர்.ஐ.சி.எஸ். என்ற சர்வேயர்கள் சங்கத்தின் முறைப்படி எழுதும் அறிக்கையில் வீட்டின் ஒவ்வொரு பாகத்துக்கும் 1, 2, 3 என்று போடுவார்கள். 1 பச்சை, 2 மஞ்சள், 3 சிவப்பு. தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்துக்குள் இருக்கும் தட்டைக் கூரையை ஏணி வைத்துப் பார்ப்போம். நல்ல நிலையில் இருந்தாலும் வயதான ஃபெல்ட் கூரைக்கு 2தான் கிடைக்கும், ஏனென்றால் அதற்கு ஆயுள் குறைவு என்று தெரியும். உப்பிய ஃபெல்ட், உள்ளே கறை, ஈரமானியை வைத்தால் முள் ஏறுகிறது என்றால் தயங்காமல் 3. வீடு வாங்குகிறவர்கள் ஐம்பது அறுபது பக்க அறிக்கையை முழுதாகப் படிப்பதில்லை. சிவப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் படிப்பார்கள்.

அதன்பின் நடப்பதை ஒரு கற்பனைக் கணக்காகச் சொல்கிறேன், உங்கள் பகுதி விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்களே நிதானமாகச் செய்தால் அந்தக் கூரைக்கு 6,000 பவுண்டு ஆகும் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பைப் பார்த்த வாங்குபவர் அவசரமாக ஒரு கூரைக்காரரைக் கூப்பிடுவார். அவருக்கு ஃபெல்ட்டைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. அதனால் அடியில் பலகை மக்கியிருக்கலாம், மர விட்டம் உளுத்திருக்கலாம், சீலிங்கும் போகலாம் என்று எல்லாவற்றையும் சேர்த்து 9,000 எழுதிக் கொடுப்பார். அந்தக் காகிதத்தோடு வாங்குபவர் 10,000 குறைக்கச் சொல்வார், தொந்தரவுக்கும் சேர்த்து. நீங்களோ அடுத்த வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நிற்பீர்கள். பேசி 7,500இல் முடியும். இதில் கூரையின் விலை 6,000தான், மீதி 1,500 பயத்தின் விலை. நீங்கள் முன்பே மாற்றியிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. திரும்பி வருகிற பணம் என்று நான் சொல்வது இதைத்தான். விற்பனை விலையில் அது கூடுதலாகத் தெரியாது, குறையாமல் நின்றிருக்கும்.

ஆனால் இந்தக் கணக்கு உடையும் இடம் ஒன்று உண்டு. உங்கள் தெருவில் இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். இங்கிலாந்தில் செமி போல ஒட்டிக் கட்டிய வீடுகளுக்குப் பின்பக்கம் 3 மீட்டர் வரை தனியாக அனுமதி கேட்காமல் தரைத்தளம் மட்டுமான எக்ஸ்டென்ஷன் கட்டலாம். கவுன்சிலுக்கு முன்கூட்டித் தெரிவித்து, பக்கத்து வீட்டாரிடம் ஆட்சேபம் கேட்கும் வழியில் போனால் 6 மீட்டர் வரை கட்டலாம். இரண்டுக்கும் உயரம், இடம் என்று உப நிபந்தனைகள் உண்டு. உங்கள் தெருவில் வீடு வாங்குகிறவர்கள் எல்லாரும் பழைய சின்ன எக்ஸ்டென்ஷனை இடித்துவிட்டு வீட்டின் முழு அகலத்துக்கும் 6 மீட்டர் இழுத்துக் கட்டுகிறார்கள் என்றால், உங்கள் வீட்டை வாங்குகிறவரும் அதையே செய்வார். அவருக்கு உங்கள் புதுக் கூரை குப்பைத் தொட்டிக்குப் போகிற சாமான். அப்படிப்பட்ட தெருவில் கசிவை நிறுத்தும் அளவுக்கு ஒட்டுப் போட்டுவிட்டு, கூரை பழசு என்பதை மறைக்காமல் சொல்லி விற்பதே கணக்குக்குச் சரி. இதை உள்ளூர் ஏஜென்ட் இரண்டு பேரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "இந்த வீட்டை வாங்க வருகிறவர் இந்தச் சமையலறையை வைத்துக்கொள்வாரா, இடிப்பாரா?" புதுக் கூரைக்கு எவ்வளவு கூடும் என்று கேட்பதைவிட இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் கிடைக்கும்.

நம்மவர்களிடம் அடிக்கடி பார்க்கும் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். ஊரில் தட்டையான கூரை என்றால் கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். அதன்மேல் வடகம் காயப்போடலாம், தண்ணீர்த் தொட்டி வைக்கலாம், நாளை இன்னொரு மாடியும் எழுப்பலாம். இங்கே எக்ஸ்டென்ஷன் கூரை பெரும்பாலும் மரம். சுவருக்குச் சுவர் மர விட்டங்கள், அவற்றின்மேல் பிளைவுட் அல்லது சிப்போர்டு பலகை, மேலே தார் ஊறிய ஃபெல்ட் இரண்டு மூன்று அடுக்கு, வெயிலுக்குக் கொஞ்சம் வெள்ளைச் சரளைக் கல். அவ்வளவுதான். அதன்மேல் ஏறி நடந்து, கசிகிற இடத்தில் வாளி வாளியாக வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிப்பது எனக்குப் பழக்கமான காட்சி. நடந்த இடத்தில் மக்கிய பலகை அமுங்கிப் பள்ளமாகும், பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். பெயின்ட் மேலே தோலாகக் காய்ந்து, ஏற்கெனவே உள்ளே புகுந்த ஈரத்தை அடைத்து வைக்கும். சிப்போர்டு நனைந்தால் ஊறிய பிஸ்கட் மாதிரி உதிரும். கூரை மாற்றும் செலவில் ஏற்ற இறக்கம் வருவதே இந்தப் பலகையாலும் விட்டங்களாலும்தான். மேலே விரிக்கிற ஷீட்டின் விலை அதற்கு அடுத்துத்தான்.

அதனால் "இரண்டு வருடம் கழித்து, விற்கிற சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாற்றப் போகிறீர்கள் என்றால் இப்போதே மாற்றுங்கள். ஃபெல்ட் போனது இன்றைய செலவு. இன்னும் இரண்டு குளிர்காலம் நனைந்தால் பலகையும் விட்டத்தின் நுனிகளும் சேர்ந்து போகும். கூடவே, மாற்றி இரண்டு குளிர்காலம் தாங்கிய கூரை வாங்குபவரிடம் பேசும்போது உதவும். விற்பதற்கு ஒரு மாதம் முன்பு போட்ட கூரையைப் பார்த்தால் எதை மறைக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

மாற்றுவதற்கு முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: அந்தக் கறை மழை நீர்தானா? சமையலறை மேல் இருக்கும் பழைய தட்டைக் கூரைகளில், கசிவு என்று என்னிடம் சொல்லப்பட்டதில் கணிசமான பங்கு உள்ளே வியர்த்த நீர். நம் வீடுகளில் அரிசி கொதிக்கிறது, குக்கர் விசில் அடிக்கிறது, இட்லிப் பானை ஆவி விடுகிறது. அந்த ஈரக்காற்று சீலிங்கில் விளக்குக்குப் போட்ட ஓட்டைகள் வழியாக மேலே போய், குளிர்ந்து கிடக்கும் பலகையின் அடிப்பக்கம் தண்ணீராக மாறிச் சொட்டும். மழை பெய்யும்போதும் பெய்த சில மணி நேரத்திலும் கறை பெரிதாகிறதா, அல்லது மழையே இல்லாத உறைபனிக் காலைகளில் பெரிதாகிறதா என்று குறித்து வையுங்கள். இரண்டாவது என்றால், மேலே எவ்வளவு விலையுயர்ந்த ஷீட் போட்டாலும் கறை திரும்பி வரும். அதற்கு வேண்டியது வெளியே காற்றைத் தள்ளும் நல்ல எக்ஸ்ட்ராக்டர் ஃபேனும், கூரையின் அமைப்பை மாற்றுவதும்.

அமைப்பை மாற்றுவது என்றால் என்ன? பழைய முறையில் இன்சுலேஷனை விட்டங்களுக்கு இடையில் வைப்பார்கள், அல்லது வைக்கவே மாட்டார்கள். மேலே பலகை குளிர்ந்து கிடக்கும். இன்சுலேஷனுக்கு மேல் குறைந்தது 50 மி.மீ. இடைவெளி விட்டு, இரு ஓரமும் காற்றுப் போகத் திறந்திருந்தால்தான் அது ஆரோக்கியமாக இருக்கும். வீட்டுச் சுவரில் முட்டி நிற்கும் எக்ஸ்டென்ஷனில் ஒரு பக்கம் காற்றுக்கு வழியே இருக்காது. இப்போதைய முறையில் பலகைக்கு மேல் ஆவி புகாத தாள், அதன்மேல் கெட்டியான இன்சுலேஷன் அட்டை, அதற்கும் மேல் நீர் புகாத ஷீட். பலகையும் விட்டமும் வீட்டின் சூட்டுக்குள்ளேயே இருப்பதால் வியர்க்காது. காசு போடுவதென்றால் இதற்குப் போடுங்கள். குளிர்காலத்தில் அந்தச் சமையலறையில் கால் வைக்கும்போதே வித்தியாசம் தெரியும்.

இதில் சட்டமும் வருகிறது, பல கொட்டேஷன்களில் இது இருக்காது. கூரைப் பரப்பில் பாதிக்கு மேல் புதுப்பித்தால் கட்டட விதிகளின்படி வெப்பக் காப்பையும் இன்றைய அளவுக்கு உயர்த்த வேண்டும். இங்கிலாந்தில் அந்த அளவு யு-வேல்யூ 0.16 (வெப்பம் எவ்வளவு வெளியேறுகிறது என்பதன் அளவு, குறைந்தால் நல்லது). அதற்குச் சாதாரணமாக 120 முதல் 150 மி.மீ. இன்சுலேஷன் அட்டை தேவைப்படும். தொழில்நுட்ப ரீதியாக முடியாத இடத்திலும், 15 வருட எரிசக்தி மிச்சத்தில் செலவு திரும்பாத இடத்திலும் தளர்வு உண்டு. வேலை முடிந்ததும் கவுன்சிலின் கட்டட விதிப் பிரிவான பில்டிங் கண்ட்ரோலிடமிருந்து, அல்லது தானே சான்று தர உரிமை பெற்ற கூரை நிறுவனம் மூலமாக, ஒரு நிறைவுச் சான்றிதழ் வர வேண்டும். விற்கும்போது நீங்கள் நிரப்பப் போகும் டி.ஏ.6 படிவத்தில் வீட்டில் செய்த மாற்றங்கள், அதற்கான சான்றுகள், கியாரண்டிகள் பற்றிக் கேள்வி இருக்கிறது. சான்றிதழ் இல்லாத புதுக் கூரை, பழைய கூரையைவிட அதிக ஈமெயில்களை உங்கள் சொலிசிட்டருக்கு வரவழைக்கும். நான் இதை மிகைப்படுத்தவில்லை. பழைய கூரையைப் பற்றி யாரும் காகிதம் கேட்பதில்லை.

இன்சுலேஷன் 150 மி.மீ. ஏறினால் கூரையும் அவ்வளவு மேலே வரும். வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில் ஷீட்டை 150 மி.மீ. மேலே ஏற்றி, அதன்மேல் ஈயத் தகட்டைச் செங்கல் இடுக்கில் செருகி மூட வேண்டும். மாடிப் படுக்கையறை ஜன்னலின் அடிக்கட்டை அதற்குள் வந்துவிட்டால் சிக்கல். சாய்மானமும் கேட்கும்: தட்டைக் கூரை என்று பெயரே தவிர, 40க்கு 1 என்ற சரிவில் வடிவமைத்து, கட்டி முடித்தபின் 80க்கு 1க்குக் குறையாமல் இருக்க வேண்டும். 3 மீட்டர் ஆழக் கூரைக்கு அது 75 மி.மீ. கொட்டேஷன் கொடுக்க வருகிறவர் ஜன்னல் அடியிலிருந்து கூரை வரை டேப் பிடித்து அளக்கவில்லை என்றால், அவர் பழைய ஃபெல்ட்டின் மேல் புது ஃபெல்ட் ஒட்டப் போகிறார் என்று அர்த்தம். அடியில் ஈரம் சிறைப்பட்ட கூரைமேல் அப்படி ஒட்டுவது தண்டச் செலவு.

எந்தப் பொருள் என்பதில் ஆளுக்கொரு கட்சி. பழைய வகை ஃபெல்ட் 10, 15 வருடம். இப்போதைய பாலியெஸ்டர் கலந்த, நெருப்பால் உருக்கி ஒட்டும் ஃபெல்ட் 20க்கு மேல் தாங்கும். ஆனால் மரக் கூரையில் திறந்த நெருப்பு என்றால் கவனம் தேவை. தீப்பிடித்த சம்பவங்களால் பலர் நெருப்பில்லா முறைக்கு மாறிவிட்டார்கள். ஈ.பி.டி.எம். என்கிற ரப்பர் ஷீட், சின்னச் செவ்வகக் கூரைக்கு ஒரே துண்டாக வரும், ஒட்டே இருக்காது. ஃபைபர் கிளாஸ், மூலை முடுக்கு, குழாய், ஜன்னல் என்று சிக்கலான கூரைக்கு நன்றாக இருக்கும், ஆனால் போடும் நாளில் பலகை காய்ந்திருக்க வேண்டும், மழை தொடக்கூடாது. உங்கள் கூரை வெறும் செவ்வகம் என்றால் நான் ரப்பர் ஷீட்டைத்தான் தேர்ந்தெடுப்பேன். வாங்குபவருக்கு இவற்றில் எது என்று கவலையில்லை. கசியாதது, காகிதம் உள்ளது, அது போதும். பொருளைப் பார்த்து விலை கூடும் என்று விற்பனைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஓட்டுக் கூரையாக மாற்றலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். சாய்ந்த கூரை கண்ணுக்கு வீட்டோடு சேர்ந்தது போல இருக்கும், ஆயுள் அதிகம், தட்டைக் கூரை என்றதும் முகம் சுளிக்கும் வாங்குபவரும் சுளிக்க மாட்டார். ஆனால் ஜன்னல் இங்கேயும் குறுக்கே நிற்கும். 3 மீட்டர் ஆழத்துக்கு 15 பாகைச் சரிவு என்றால் வீட்டுச் சுவரில் 80 செ.மீ. உயரும், 22.5 பாகை என்றால் 1.24 மீட்டர். மாடி ஜன்னலுக்கு அடியில் அவ்வளவு இடம் இருக்கும் செமி வீடுகள் குறைவு. அனுமதி கேட்காமல் செய்ய, மொத்த உயரம் 4 மீட்டருக்குள்ளும், எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வருகிற பகுதியின் இறவாணம் 3 மீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். ஓட்டின் எடையைப் பழைய சுவரும் அஸ்திவாரமும் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். செலவு தட்டைக் கூரையைவிட நன்றாகவே கூடும். உள்ளே தரைப்பரப்பு ஒரு சதுர அடிகூட ஏறாது. இரண்டு வருடத்தில் விற்பவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கேயே பதினைந்து இருபது வருடம் இருக்கப் போகிறவர் என்றால் வேறு பேச்சு.

மதிப்பு கூடும் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லக்கூடிய ஒன்று இருக்கிறது, அது வெளிச்சம். பின்பக்கம் எக்ஸ்டென்ஷன் கட்டியதும் வீட்டின் நடு அறை இருண்டுவிடும். 1930களின் செமி வீடுகளில் இது கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் உண்டு, பகலிலும் விளக்குப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கூரையைப் பிரித்துத்தானே போடப் போகிறீர்கள், அப்போதே நடுச்சுவர் பக்கமாக ஒரு கூரைக் கண்ணாடி வைத்துவிட்டால் கூடுதல் செலவு தனியாக வைப்பதைவிடக் குறைவு. வீடு பார்க்க வருகிறவர் ஃபெல்ட்டா ரப்பரா என்று பார்க்க மாட்டார், உள்ளே நுழைந்ததும் வெளிச்சமாக இருக்கிறதா என்று பார்ப்பார். எவ்வளவு கூடும் என்பது சந்தேகம்தான், ஆனால் வீடு சீக்கிரம் விற்கும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விட்டத்தை வெட்டி இடம் விடுவதால் இரண்டு பக்கமும் விட்டங்களை இரட்டிப்பாக்க வேண்டும். கண்ணாடிக்கும் தனி விதிகள் உண்டு. அதே பில்டிங் கண்ட்ரோல் விண்ணப்பத்தில் சேர்த்துவிடலாம். மேலே கைப்பிடி போட்டு பால்கனியாக்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்குத் திட்ட அனுமதி வேண்டும், பக்கத்து வீட்டுத் தோட்டம் தெரியும் என்பதால் கிடைப்பதும் கடினம்.

கூரையைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் குறிப்பிடவே இல்லை: அந்த எக்ஸ்டென்ஷனுக்கே காகிதம் இருக்கிறதா? நீங்கள் வாங்கியபோது சொலிசிட்டர் கொடுத்த கோப்பைப் பிரித்துப் பாருங்கள். அனுமதி இல்லாமல் கட்டியிருந்தாலும், 2024 ஏப்ரல் 25க்கு முன் முடித்த வேலையானால் நான்கு வருடம் கழிந்தபின் கவுன்சில் திட்ட அனுமதிக்காக நடவடிக்கை எடுக்க முடியாது. அதற்குப் பின் முடித்தது என்றால் பத்து வருடம். கட்டட விதிச் சான்று அதிலிருந்து தனி. 1985 நவம்பர் 11க்குப் பின் செய்த வேலைக்கு, பின்னாளிலும் கவுன்சிலிடம் முறைப்படுத்தும் சான்றிதழ் கேட்கலாம். அவர்கள் சில இடங்களைத் திறந்து காட்டச் சொல்வார்கள். கூரையைப் பிரித்திருக்கும்போது விட்டங்களைக் காட்டுவது சுலபம், அதனால் இரண்டையும் ஒரே சமயத்தில் யோசியுங்கள். ஒரு எச்சரிக்கை: இப்படிக் கவுன்சிலைத் தொடர்புகொண்ட பிறகு, காகிதம் இல்லாத குறைக்கு வழக்கமாக எடுக்கும் இண்டெம்னிட்டி இன்சூரன்ஸ் கிடைக்காமல் போகலாம். எனவே முதலில் சொலிசிட்டரிடம் கேட்டுவிட்டு அப்புறம் கவுன்சிலுக்குப் போங்கள். சான்று உள்ள எக்ஸ்டென்ஷனுக்கும் இல்லாததற்கும் உள்ள விலை வித்தியாசம், புதுக் கூரைக்கும் பழைய கூரைக்கும் உள்ளதைவிடப் பெரியது என்பது என் கருத்து.

வீட்டு இன்சூரன்ஸில் கூரையில் எத்தனை சதவீதம் தட்டை என்று கேட்பார்கள், சரியாகச் சொல்லியிருக்கிறீர்களா என்று பாருங்கள். தேய்ந்துபோன ஃபெல்ட்டை மாற்ற அவர்கள் பணம் தர மாட்டார்கள், அது பாலிசியில் விலக்கு. கூரை பக்கத்து வீட்டு எக்ஸ்டென்ஷனோடு ஒட்டியிருந்தால் 1996இன் பார்ட்டி வால் (பொதுச் சுவர்) சட்டம் குறுக்கே வரக்கூடும், குறைந்தபட்சம் அவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள். இந்தப் பதிலைப் படிக்கிற வேறு யாராவது ஸ்காட்லாந்தில் இருந்தால், அங்கே விற்பவர்தான் ஹோம் ரிப்போர்ட் என்ற சர்வே அறிக்கையை எடுத்து வைக்க வேண்டும். விலை பேசுவதற்கு முன்பே எல்லார் கண்ணிலும் அந்த 3 படும் என்பதால், முன்கூட்டிச் சரிசெய்ய அங்கே காரணம் இன்னும் வலுவானது. வாடகைக்கு விட்ட வீடு என்றால், பழைய கூரையை அதே தரத்தில் மாற்றுவது பொதுவாகப் பழுதுபார்ப்பாகக் கருதப்பட்டு வாடகை வருமானத்தில் கழியும். அந்த நுணுக்கத்தைக் கணக்காளரிடம் கேளுங்கள்.

கறையின் மேல் ஸ்டெயின் பிளாக் என்ற கறை மறைக்கும் பெயின்ட் அடித்து, சீலிங்குக்கு வெள்ளை பூசி விற்றுவிடலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வெள்ளைக்கு அடியில் ஈரம் ஈரமானிக்குத் தெரியும். அதற்கும் மேல், கசிவு உண்டா என்று சொலிசிட்டர் மூலம் கேட்டு நீங்கள் இல்லை என்று எழுதிக் கொடுத்தால், 1967இன் தவறான தகவல் சட்டத்தின் கீழ் வாங்குபவர் பின்னால் உங்கள் மேல் வழக்குப் போடலாம்.

மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். மூன்றிலும் ஒரே வேலை எழுதியிருக்க வேண்டும்: பழையதை முழுதாகப் பிரிப்பது, மக்கிய பலகைக்கு ஒரு சதுர மீட்டருக்கு என்ன விலை, இன்சுலேஷன் எத்தனை மி.மீ., ஈயத் தகடு புதிதா பழையதா, குப்பை அகற்றுவது யார், சான்றிதழ் யார் வாங்குவது, வாட் சேர்த்தா சேர்க்காமலா. கம்பெனி மூடிப்போனாலும் செல்லும் இன்சூரன்ஸ் கியாரண்டி உண்டா, வீட்டை வாங்குபவர் பெயருக்கு அது மாறுமா என்றும் கேளுங்கள். கதவைத் தட்டி "பக்கத்துத் தெருவில வேலை செய்யறோம், உங்க கூரையப் பாத்தோம்" என்று வருகிறவர்களுக்கு ஒரு கப் டீகூட வேண்டாம்.

கறை எந்த மூலையில் என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டுச் சுவரை ஒட்டிய மூலை என்றால், ஈயத் தகடு நழுவியதாகவோ, அதற்கு மேலே உள்ள செங்கல் இடுக்கில் காரை உதிர்ந்ததாகவோ இருக்கலாம். அது சில நூறு பவுண்டு வேலை, மொத்தக் கூரையைத் தொடாமலே முடியலாம். தோட்டத்துப் பக்கம், தண்ணீர் வடியும் ஓரம் என்றால் முதலில் அடைத்த கட்டர் குழாயைச் சுத்தம் செய்துவிட்டு ஒரு மழை பாருங்கள். மூலையிலிருந்து நடுப்பக்கம் பரவியிருந்தால், தண்ணீர் தேங்கும் பள்ளமாக இருக்கலாம், மேலே சொன்ன முழு வேலைக்கும் தயாராகிக்கொள்ளுங்கள். மாடி ஜன்னலிலிருந்து மழை நின்ற மறுநாள் ஒரு படம் எடுத்துப் போட்டால் இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.